கரித்துண்டும் காகிதமும்: வட கனடாவின் நீர்வழிகளை வரைந்தது யார்?

கனடா எண்டவுடன் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வருவது ரொறன்ரோவும் மொன்றியலும்தான். சித்தப்பா இருக்கிற இடம், மச்சாள் படிக்கிற இடம். ஆனால் கனடாவின் படத்தை எடுத்துப் பார்த்தால் இந்த நகரங்கள் எல்லாம் நாட்டின் அடிவிளிம்பில், அமெரிக்க எல்லையோடு ஒட்டிக்கொண்டு கிடப்பது தெரியும். கைத்தொலைபேசியில் அந்தப் படத்தை வடக்குப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள். முதலில் பெருந்தெருக்கள் குறையும். பிறகு ஊர்ப்பெயர்கள் குறையும். கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சும். பேனையை உதறி மை தெளித்தது போல ஏரியும் ஆறும் ஓடையும் சதுப்பும். 3 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டுமே அந்த நாட்டில் 31,000-க்கும் அதிகம். சின்னதுகளை எண்ணி முடியாது.

இந்த நீலத்தை எல்லாம் முதலில் வரைந்தது யார்? பாடப்புத்தகத்து விடை தயாராக இருக்கிறது: துணிச்சலான ஆங்கிலேய, ஸ்கொட்லாந்துப் பயணிகள், கையில் கருவிகளோடு ஆளில்லாக் காட்டுக்குள் போய் அளந்தார்கள். ஆறுகளின் பெயர்களும் அதைத்தான் சொல்கின்றன. மெக்கென்சி ஆறு, தொம்சன் ஆறு, ஃபிரேசர் ஆறு. ஆனால் அந்தப் பயணிகள் தாங்களே எழுதி வைத்த நாட்குறிப்புகளைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வளைவிலும் ஒரு க்ரீ வழிகாட்டியோ ஒரு டெனே முதியவரோ முன்னால் நிற்கிறார். 'ஆளில்லாக் காடு' எண்ட சொல் எங்கிருந்து வந்தது, அது அந்தத் தண்ணீருக்கு என்ன செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தெரியாத நிலத்துக்கு ஓர் உறுதி

1670 மே 2 அன்று இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்ள்ஸ் ஒரு பட்டயம் வழங்கினார். ஹட்சன் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் எங்கெங்கிருந்து வருகின்றனவோ அந்த நிலம் முழுவதும் ஒரு வணிகக் கம்பனிக்குச் சொந்தம் என்றது அது. அதுதான் ஹட்சன் விரிகுடாக் கம்பனி. அரசரின் உறவினரான ரூபர்ட் இளவரசரின் பெயரால் அந்த நிலத்துக்கு 'ரூபர்ட்ஸ் லாண்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

காணி உறுதி எண்டால் நாலு பக்க எல்லையும் எழுதியிருக்க வேண்டும். இந்த உறுதியில் எல்லை என்று இருந்தது தண்ணீர் மட்டும்தான். அந்த ஆறுகள் எத்தனை, எங்கே தொடங்குகின்றன என்பது லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. பிற்காலத்தில் கணக்குப் பார்த்தபோது அது ஏறத்தாழ 39 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல அறுபது மடங்கு. அங்கே வாழ்ந்த க்ரீ, டெனே, இன்யூட் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கம்பனிக்குத் தேவைப்பட்டது பீவரின் தோல். ஐரோப்பாவில் அப்போது நாகரிகமாக இருந்த தொப்பிகள் பீவர் உரோமத்தால் செய்யப்பட்டவை. பீவர் தண்ணீரில் வாழும் விலங்கு. மரத்தைப் பல்லால் வெட்டி விழுத்தி, ஓடையைத் தானே மறித்து அணை கட்டிக் குளம் உண்டாக்கும். ஆகவே ஈரநிலம் இருக்கிற இடத்தில்தான் கம்பனியின் காசும் இருந்தது. ஆனால் முதல் நூறு வருடங்கள் கம்பனி ஆட்கள் பெரும்பாலும் விரிகுடாக் கரையில் இருந்த கோட்டைகளை விட்டு உள்ளே நகரவில்லை. பூர்வகுடி வணிகர்கள்தான் வள்ளங்களில் தோல் கொண்டுவந்தார்கள். உள்நாட்டைப் பற்றிக் கோட்டைக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் சொன்னதுதான்.

மட்டோனாபியின் படம்

1760-களில் சேர்ச்சில் ஆற்றின் வாயில் இருந்த பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் கோட்டைக்குப் பொறுப்பாக இருந்தவர் மோசஸ் நோர்ட்டன். வடமேற்கே தூரத்தில் ஓர் ஆற்றங்கரையில் செம்பு கிடக்கிறது என்ற பேச்சு அவர் காதுக்கு வந்தது. மட்டோனாபி, இடோட்லியாசி என்ற இரண்டு டெனே ஆட்களிடம் பார்த்து வரச் சொன்னார். சில வருடம் கழித்து, 1767-இல் அவர்கள் திரும்பினார்கள். கையில் ஒரு படம் இருந்தது. அதன் பிரதி ஒன்று கம்பனி ஆவணங்களில் இன்றும் இருக்கிறது.

முதலில் பார்க்கிறவர்கள் 'இதென்ன படம்?' எண்டு கேட்பார்கள். ஹட்சன் விரிகுடாக் கரையும் ஆர்க்டிக் கரையும் சேர்ந்து ஒரே நேர்கோடு போலக் கிடக்கின்றன. உண்மையில் அந்தக் கரை வடக்கே போய், வளைந்து, உடைந்து மேற்கே திரும்புகிறது. படத்தில் அளவுத்திட்டம் இல்லை. அகலக்கோடு, நெடுங்கோடு இல்லை. ஆனால் அந்தக் கோட்டில் ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. உள்ளே ஏரிகள் மாலையில் கோத்த மணிகள் போல இருக்கின்றன. எந்த ஆற்றுக்குப் பிறகு எந்த ஆறு, எந்த ஏரியால் ஏறினால் எங்கே போய் இறங்கலாம் என்பதுதான் அந்தப் படம் தரும் விடை. கடலின் வடிவம் வரைந்தவருக்குத் தேவைப்படவில்லை. அவர் நடந்து போகிறவர்.

1769-இல் நோர்ட்டன் தன் ஆளை அனுப்பினார். பெயர் சாமுவேல் ஹேர்ன், வயது 24. முதல் பயணம் சில வாரங்களிலேயே தோற்றது. இரண்டாவது பயணத்தில் காற்று அடித்து அவருடைய அளவுக் கருவியை விழுத்தி உடைத்தது. அரைகுறை உயிரோடு திரும்பி வரும் வழியில்தான் மட்டோனாபி அவரைச் சந்தித்தார். நீ தோற்றதற்குக் காரணம் உன் கூட்டத்தில் பெண்கள் இல்லாததுதான் என்று அவர் ஹேர்னிடம் சொன்னார். சுமை இழுப்பது, கூடாரம் அடிப்பது, உடுப்பும் பனிச்சப்பாத்தும் செய்வது, தைப்பது எல்லாம் பெண்கள். ஆண்கள் வேட்டைக்குப் போய்விட்டால் மிச்சப் பயணத்தைத் தூக்கிச் செல்வது யார்?

1770 டிசம்பரில் மூன்றாவது பயணம் மட்டோனாபியின் தலைமையில் தொடங்கியது. அவருடைய மனைவிமாரும் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரிகள் பாதையாயின. வசந்தத்தில் ஓரிடத்தில் நின்று சிறிய வள்ளங்கள் செய்தார்கள், வழியில் குறுக்கிடும் ஆறுகளைக் கடப்பதற்காக மட்டும். 1771 ஜூலையில் கொப்பர்மைன் ஆற்றின் முகத்தை அடைந்தார்கள். அங்கே டெனே ஆட்கள் உறங்கிக்கொண்டிருந்த இன்யூட் குடும்பங்களைத் தாக்கிக் கொன்றார்கள். ஹேர்ன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு எழுதியும் வைத்தார். இந்த வரலாற்றில் பூர்வகுடிகள் எல்லோரும் ஒரே மக்களும் இல்லை, எல்லோரும் புனிதரும் இல்லை.

ஹேர்ன் அந்த ஆற்றுமுகத்தை வடக்கு 71 பாகைக்கு மேலே குறித்தார். உண்மையில் அது 68 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கிட்டத்தட்ட 450 கிலோமீற்றர் பிழை. 'அறிவியல்' முறையில் போட்ட புள்ளி அந்தளவு தள்ளிப் போய்விட்டது. அகலக்கோடே தெரியாத மட்டோனாபி அவரை அங்கே கொண்டுபோய் உயிரோடு திருப்பியும் கொண்டுவந்தார்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1781, 82-இல் பெரியம்மை அந்த நாடு முழுவதும் பரவியது. ஹேர்னின் கணக்குப்படி அவருக்குத் தெரிந்த டெனே மக்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். 1782-இல் பிரெஞ்சுக் கப்பற்படை கோட்டையைப் பிடித்து ஹேர்னைச் சிறைப்படுத்தியது. அந்தச் செய்திக்குப் பிறகு மட்டோனாபி தூக்கிட்டு இறந்தார். ஹேர்னின் புத்தகம் 1795-இல் லண்டனில் வெளியானது.

தண்ணீர் பிரிகிற மேடு

ஹட்சன் விரிகுடாவுக்குப் போகும் தண்ணீருக்கும் ஆர்க்டிக் கடலுக்குப் போகும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மேடு இருக்கிறது. அதைக் கடக்க வள்ளத்தையும் சாமானையும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 19 கிலோமீற்றர் நடக்க வேண்டும். மெத்தி சுமைவழி என்று அதற்குப் பெயர். க்ரீ, டெனே மக்களுக்கு அது பழகிய வழி. 1778-இல் பீட்டர் பொண்ட் என்ற வணிகர் அவர்களோடு சேர்ந்து அதைக் கடந்தார். ஐரோப்பிய வரலாற்றில் 'கண்டுபிடிப்பு' எண்டால் பெரும்பாலும் இதுதான்: ஏற்கெனவே இருக்கிற வழியில் ஒருவர் கூட்டிக்கொண்டு போகப்படுவது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் அதபாஸ்கா ஆறு. அது அதபாஸ்கா ஏரியில் விழுகிற இடத்தில் பரந்த டெல்டா. அதபாஸ்கா என்பது க்ரீ சொல். ஆங்காங்கே நாணல் நிற்கிற இடம் என்று பொருள். பெயரே ஒரு சின்ன வரைபடம்தான்.

பொண்ட் ஒரு படம் வரைந்து 1785-இல் அமெரிக்க கொங்கிரசிடம் கொடுத்தார். உள்ளூர் மக்கள் சொன்னதை வைத்துப் போட்ட ஆறுகளும் ஏரிகளும் பெரும்பாலும் சரி. நெடுங்கோடு மட்டும் பிழை. அதபாஸ்கா ஏரியை அவர் மிகவும் மேற்கே தள்ளிப் போட்டுவிட்டார். அப்படிப் பார்த்தால் பசுபிக் சமுத்திரம் பக்கத்து வளவு. அந்த நம்பிக்கையோடுதான் 1789 ஜூன் 3 அன்று அலெக்சாண்டர் மெக்கென்சி சிப்பவாயன் கோட்டையிலிருந்து வள்ளம் இறக்கினார். வழிகாட்டியாகப் போனவர் அவ்கீனா. முன்பு மட்டோனாபியின் கூட்டத்தில் இருந்தவர். அவருடைய இரண்டு மனைவிமாரும் போனார்கள். ஆறு பசுபிக்கை நோக்கித் திரும்பும் திரும்பும் என்று பார்த்தால் வடக்கே வடக்கே போய் ஆர்க்டிக்கில் முடிந்தது. 102 நாளில் போய்த் திரும்பினார்கள். டெனே மக்கள் அந்த ஆற்றைப் 'பெரிய ஆறு' என்று பொருள்பட 'டெச்சோ' என்பார்கள். உலகப் படத்தில் அது மெக்கென்சி.

பொண்டின் பிழையைத் திருத்த ஹட்சன் விரிகுடாக் கம்பனி தன் நில அளவையாளர் பிலிப் டேர்னரை அனுப்பியது. 1789-90 குளிர்காலத்தில் கம்பர்லாண்ட் ஹவுஸ் என்ற கோட்டையில் தங்கியிருந்து, டேர்னர் இரண்டு இளைஞர்களுக்கு நட்சத்திரத்தையும் நிலவையும் பார்த்து இடம் கணிக்கக் கற்றுக் கொடுத்தார். ஒருவர் டேவிட் தொம்சன், கால் முறிந்து குணமாகிக்கொண்டிருந்த பெடியன், அந்தக் காலத்தில் ஒரு கண் பார்வையையும் இழந்தார். மற்றவர் பீட்டர் ஃபிட்லர். தொம்சனால் நடக்க முடியாததால் ஃபிட்லர் டேர்னரோடு அதபாஸ்காவுக்குப் போனார். அந்தக் குழுவில் மல்கம் ரோஸ் என்பவரும் இருந்தார். அவருடைய பூர்வகுடி மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூடப் போனார்கள். மட்டோனாபி ஹேர்னுக்குச் சொன்ன பாடத்தை இருபது வருடம் கழித்துக் கம்பனியும் படித்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி வைக்கும் அளவுக்குப் படிக்கவில்லை.

தொம்சன் பிறகு கம்பனி மாறினார். 80,000 கிலோமீற்றருக்கு மேல் வள்ளத்திலும் குதிரையிலும் நடையிலும் போனார் என்பார்கள். 1814-இல் அவர் முடித்த படம் மூன்று மீற்றருக்கு மேல் நீளம், இரண்டு மீற்றருக்கு மேல் உயரம். ஹட்சன் விரிகுடாவிலிருந்து பசுபிக் வரை எல்லா நீர்வழியும் அதில் இருக்கிறது. அவருடைய மனைவி சார்லட் ஸ்மோல், க்ரீத் தாய்க்குப் பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகள். கைக்குழந்தைகளோடு அவர் பல பயணங்களில் கூட இருந்தார். இருவரும் 58 வருடம் சேர்ந்து வாழ்ந்து 1857-இல் மூன்று மாத இடைவெளியில் இறந்தார்கள். கடைசிக் காலத்தில் வீட்டில் கடும் வறுமை.

தரையில் வரைந்த கடல்

1820 வசந்தத்தில் சிப்பவாயன் கோட்டையில் நடந்த ஒரு சின்னச் சம்பவம் இந்த முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜோன் பிராங்க்ளின் ஆர்க்டிக் கரைக்குப் போக வழி விசாரித்துக்கொண்டிருந்தார். பூலியூ என்ற மொழிபெயர்ப்பாளர் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் கொப்பர்மைன் ஆற்றையும் கடற்கரையையும் வரைந்தார். வரைந்து முடிக்கும் நேரம் ஒரு டெனே முதியவர் தற்செயலாக உள்ளே வந்தார். பிராங்க்ளின் அவரை 'பிளாக் மீட்' என்று எழுதுகிறார். ஒருவரும் அவருக்கு ஒன்றும் விளக்கவில்லை. தரையைப் பார்த்தவுடன் அது எந்த இடம் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பூலியூவின் கையிலிருந்து கரியை வாங்கி, தான் ஒரு போருக்குப் போய்த் திரும்பி வந்த கரையோர வழியைத் தொடர்ந்து வரையத் தொடங்கினார்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் பாதியில் விட்ட படத்தை, முன்னறிவிப்பு இல்லாமல் வந்த இன்னொருவர் அப்படியே தொடர்கிறார். இருவருக்கும் ஒரே வரைபட மொழி தெரிந்திருந்தால்தான் அது நடக்கும். மரப்பட்டையில், மணலில், பனியில், கரியால் தரையில் என்று அந்த மொழி எங்கும் புழங்கியது. தூரத்தை மைலில் அல்ல, நாளில் சொன்னார்கள்: இரண்டு இரவு, மூன்று இரவு. வள்ளம் ஓடாத இடம், தூக்கிச் செல்ல வேண்டிய இடம், மீன் கிடைக்கிற இடம் எல்லாம் அதில் வரும். படம் வைத்திருப்பதற்காக வரைந்தது அல்ல. வழி மனதில் ஏறியதும் கரியைக் காலால் அழித்துவிடலாம்.

பிராங்க்ளினின் அந்தப் பயணத்தில் 20 பேரில் 11 பேர் இறந்தார்கள். மிஞ்சியவர்களைச் சாப்பாடு கொடுத்துக் காப்பாற்றியது அகைச்சோ என்ற டெனே தலைவரின் ஆட்கள்.

காகிதத்தில் ஏறாதவை

இந்தக் கோடுகள் எல்லாம் கடைசியில் லண்டனுக்குப் போயின. அரன் அரோஸ்மித் என்ற புகழ்பெற்ற படத்தயாரிப்பாளர் 1795 முதல் வெளியிட்ட வட அமெரிக்கப் படங்களுக்குக் கம்பனி ஆட்களின் தரவு போனது. அவர் நேர்மையான தொழில்காரர். தகவல் கிடைக்காத இடத்தில் கற்பனை மலைகளை வரையாமல் வெள்ளையாக விட்டார். ஆனால் அந்த வெள்ளை, பார்க்கிறவருக்கு 'இங்கே ஒன்றும் இல்லை' என்று தெரிந்தது. 'எங்களுக்குத் தெரியாது' என்பது மெல்ல மெல்ல 'ஒருவரும் இல்லை' என்று மாறியது. வழி சொன்னவர்களின் பெயர் நாட்குறிப்பிலாவது இருந்தது. படத்தில் அதுவும் இல்லை.

படத்தில் வெள்ளையாகக் கிடந்த நிலத்தை விற்பது சுலபம். 1870-இல் ரூபர்ட்ஸ் லாண்ட் கனடாவின் கைக்குப் போனது. கம்பனிக்குக் கிடைத்த காசு 300,000 பவுண். 1899-இல் 8-ஆம் இலக்க உடன்படிக்கை வந்தது. அதபாஸ்காப் பகுதியின் க்ரீ, டெனே தலைவர்கள் கையொப்பமிட்டார்கள். வேட்டையும் மீன்பிடியும் பழையபடி தொடரும் என்ற வாக்குறுதியை நம்பித்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். 1922-இல் அதே நிலத்தில் வூட் பஃபலோ தேசியப் பூங்கா அமைந்தது. இலங்கையின் மூன்றில் இரண்டு பங்கு பரப்பு. பிறகு அங்கே வேட்டைக்கு அனுமதி வேண்டும் என்று ஆனது.

அந்தப் பூங்காவை அரசாவது முழுதாக அறிந்திருந்ததா? வூப்பிங் கொக்கு என்ற பெரிய வெள்ளைக் கொக்கு 1941-இல் உலகத்தில் இருபத்திச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. அது எங்கே முட்டையிடுகிறது என்று பல வருடம் தேடினார்கள். 1954-இல் காட்டுத்தீயைப் பார்க்கப் போன ஹெலிகொப்டரில் இருந்தவர்கள் தற்செயலாகக் கண்டார்கள். அரசின் சொந்தப் பூங்காவுக்குள்ளே, வடக்குச் சதுப்புக் குளங்களில்.

திசை மாறும் ஆறு

இனி அந்த நாணல் டெல்டாவுக்கு வருவோம். பீஸ், அதபாஸ்கா, பேர்ச் என்ற மூன்று ஆறுகள் சேர்ந்து உண்டாக்கிய பீஸ்-அதபாஸ்கா டெல்டா, உலகத்தின் பெரிய உள்நாட்டு நன்னீர் டெல்டாக்களில் ஒன்று. வட அமெரிக்காவின் நான்கு பெரிய பறவை வலசைப் பாதைகளும் இங்கே சந்திக்கின்றன.

இந்த டெல்டாவை வரைவதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. வழக்கமாக ஏரியின் தண்ணீர் கட்ர் ஃபுர்ஷ் போன்ற கால்வாய்களால் வடக்கே ஓடிப் பீஸ் ஆற்றோடு சேரும். ஆனால் வசந்த வெள்ளத்தில் பீஸ் ஆறு ஏரியைவிட உயர்ந்துவிட்டால் அதே கால்வாய்கள் எதிர்ப்பக்கமாக, ஏரியை நோக்கி ஓடத் தொடங்கும். ஆற்றுக்கு அம்புக்குறி போடுவது படம் வரைபவரின் வழக்கம். இங்கே எந்தப் பக்கம் போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. ஆற்று மட்டத்தைவிடச் சற்று உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு குளங்கள் உண்டு. அவற்றுக்கு வாய்க்கால் கிடையாது. சில வருடங்களில் பனி உருகும்போது பெரிய பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கரைமீறிப் பாய்ந்து அந்தக் குளங்களை நிரப்பும். அந்த ஒரு வெள்ளம் பல வருடத்துக்குப் போதும். அந்தக் குளங்களில்தான் மஸ்க்ரட் என்ற உரோமம் நிறைந்த நீர்ப்பிராணி பெருகும். அதன் தோல்தான் சிப்பவாயன் குடும்பங்களின் கைக்காசு. ஒரே நாளில் பார்த்து வரைந்த படத்தில் இது எதுவும் தெரியாது. பல தலைமுறை வள்ளம் விட்டவருக்குத்தான் தெரியும்.

மேலே கட்டிய அணை

1967-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் பீஸ் ஆற்றை மறித்து பெனற் அணையைத் திறந்தது. மின்சாரத்துக்காக. டெல்டாவுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தொலைவில், வேறு மாகாணத்தில். அணைக்குப் பின்னால் இருந்த செகானி மக்களின் நிலம் தண்ணீருக்குள் போனது. 1968 முதல் 1971 வரை நீர்த்தேக்கம் நிரம்பிக்கொண்டிருந்தபோது கீழே டெல்டாவில் தண்ணீர் இறங்கியது. சேறு காய்ந்தது. வள்ளம் போன வழியில் வில்லோப் புதர் முளைத்தது. மஸ்க்ரட் அழிந்துகொண்டு போனது. முதலில் கத்தியவர்கள் அங்கே பொறி வைத்துப் பிழைத்த ஆட்கள்தான்.

அரசு ஆய்வு நடத்தியது. 1970-களின் நடுவில் இரண்டு கால்வாய்களில் பாறைத் தடுப்புகள் போட்டார்கள். ஏரி மட்டம் ஓரளவு உயர்ந்தது. உயரத்துக் குளங்களுக்கு அது போதவில்லை. அவற்றுக்கு வேண்டியது உயர்ந்த ஏரி அல்ல, பனிக்கட்டி அடைப்பு வெள்ளம். 1974-க்குப் பிறகு பெரிய வெள்ளம் வந்தது 1996-97-இல்தான். அணை எவ்வளவு காரணம், காலநிலை மாற்றம் எவ்வளவு காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். டெல்டா தானாகவும் மாறும்: 1982-இல் அதபாஸ்காவின் எம்பரஸ் என்ற கிளை கரை உடைத்துப் புதிய வழியில் மமாவி ஏரிக்குப் பாய்ந்தது. அதனால் ஒற்றைக் குற்றவாளியைக் காட்டுவது சுலபமில்லை. ஆனால் ஒரு விசயம் தெளிவு. அணையைத் திட்டமிட்டபோது டெல்டாவில் வாழ்கிறவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. மேலே இருந்தவர்களின் படத்தில் அது வெறும் நீலமும் பச்சையும்தான்.

மற்ற ஆற்றிலும் நெருக்கடி. 1967-இலேயே அதபாஸ்கா கரையில் தார்மணலிலிருந்து எண்ணெய் எடுக்கும் பெரிய தொழிற்சாலை தொடங்கியது. அந்தத் தாரைப் பூர்வகுடிகள் மரப்பிசினோடு கலந்து வள்ளத்தின் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தியதை மெக்கென்சி எழுதியிருக்கிறார். இப்போது அந்தத் தொழிலுக்கு ஆற்றுத் தண்ணீர் வேண்டும். கழிவுக் குளங்கள் டெல்டாவுக்கு மேலே நிற்கின்றன.

திரும்பவும் வரைகிறார்கள்

1974 முதல் 1977 வரை மெக்கென்சிப் பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் போடலாமா என்று நீதியரசர் தோமஸ் பேர்ஜர் விசாரணை நடத்தினார். நகரத்தில் இருந்துகொண்டு அல்ல, 35 ஊர்களுக்குப் போய்ச் சனங்களைப் பேசவிட்டார். வேட்டையாடுகிறவர்கள் தங்கள் வாழ்நாள் வழிகளைக் கடதாசிப் படங்களில் கோடுகளாகப் போட்டுக் காட்டினார்கள். 'ஆளில்லாத' இடமெல்லாம் கோட்டால் நிறைந்தது. அவருடைய அறிக்கையின் தலைப்பிலேயே இரண்டு பார்வையும் இருக்கிறது: வடக்கு எல்லைப்புறம், வடக்குத் தாயகம். குழாய்த் திட்டத்தைப் பத்து வருடம் தள்ளிப் போடச் சொன்னார்.

டெல்டாவிலும் அதே வேலை நடக்கிறது. மிகிசூ க்ரீ, அதபாஸ்கா சிப்பவாயன் என்ற இரண்டு சமூகங்களும் 2010-இல் தங்கள் வள்ள வழிகளைக் குறித்து ஓர் ஆய்வு வெளியிட்டன. எந்தத் தண்ணீர் மட்டத்தில் எந்த வழி திறந்திருக்கும், எப்போது அடைபடும் என்று வேட்டைக்காரர்கள் சொன்னதை ஆற்றின் ஓட்டக் கணக்கோடு பொருத்தினார்கள். இரண்டு எண்கள் கிடைத்தன. அதபாஸ்கா ஆற்றில் செக்கனுக்கு 1,600 கனமீற்றர் ஓடினால் தங்கள் நிலம் முழுவதும் போய்வரலாம். 400-க்குக் கீழே போனால் பல இடங்களுக்குப் போகவே முடியாது. உடன்படிக்கை தந்த வேட்டை உரிமை காகிதத்தில் இருக்கும், ஆனால் அங்கே போக வள்ளம் ஓடாது. அப்படியெண்டால் அந்த உரிமை எங்கே?

2014 டிசம்பரில் மிகிசூ க்ரீ சமூகம் யுனெஸ்கோவிடம் மனுக் கொடுத்தது. வூட் பஃபலோ 1983 முதல் உலக மரபுரிமைத் தலம். அது ஆபத்தில் இருக்கிறது என்று அறிவியுங்கள் என்பது கோரிக்கை. 2016-இல் நிபுணர்கள் வந்து பார்த்தார்கள், 17 பரிந்துரைகள் எழுதினார்கள். 2019-இல் கனடா அரசு ஒரு செயற்திட்டம் வெளியிட்டது. அதற்கிடையில் அதே பீஸ் ஆற்றில் சைற் சி என்ற இன்னொரு அணையும் கட்டி, 2024-இல் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள்.

மட்டோனாபியின் படத்திலிருந்து இந்த எண்கள் வரை கேள்வி ஒன்றுதான்: இந்த வழியால் போகலாமா, எப்போது போகலாம்? இடையில் வந்த காகிதப் படங்கள் கேட்டது வேறு கேள்வி: இது எங்கே இருக்கிறது, யாருக்குச் சொந்தம்? இரண்டாவது கேள்விக்கு விடை கண்டவர்கள் முதலாவதைக் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தார்கள். அதற்கான விலையைக் கட்டிக்கொண்டிருப்பது அந்தத் தண்ணீரும், அதில் வள்ளம் விடும் சனங்களும்தான்.

கைத்தொலைபேசியில் சிப்பவாயன் கோட்டையைத் தேடிப் பாருங்கள். ஊருக்கு மேற்கே மெல்லிய நீலக் கோடாகக் கட்ர் ஃபுர்ஷ் கால்வாய் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும், இன்றைக்கு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்தப் படம் சொல்லாது. அதை ஊர்ச் சனங்களிடம்தான் கேட்க வேண்டும்.